வீட்டுத் தோட்டத்தில் மெட்லர் மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் மாதங்களும் பருவங்களும் தென் இங்கிலாந்தை ஒட்டியவை. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று குளிர்காலம் உள்ள மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

மெட்லர் என்பது என்ன மரம்?

ரோஜாக் குடும்பத்து மரம். ஆப்பிள், பேரி, மஞ்சள் பழம் தரும் குவின்ஸ், முள் உள்ள ஹாதார்ன் எல்லாம் இதற்குப் பங்காளிகள். நாலு முதல் ஆறு மீட்டர் உயரம் போகும். கிளைகள் நேராகப் போகாமல் கோணல்மாணலாக அகலத்தில் படரும். இலை ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, அடியில் மெல்லிய ரோமம் இருக்கும். மே கடைசியில், எல்லாப் பழமரங்களும் பூத்து முடிந்த பிறகு, ஐந்து இதழ் வெள்ளைப் பூ ஒவ்வொரு சிறு கிளையின் நுனியிலும் ஒற்றையாகப் பூக்கும். இலையுதிர் காலத்தில் மரம் மஞ்சள், செம்பழுப்பு, சிவப்பு என்று நிறம் மாறும். பழம் வேண்டாம் என்பவர்கள்கூட அதற்காகவே நடுவதுண்டு.

லின்னேயஸ் 1753இல் இதற்கு மெஸ்பிலஸ் ஜெர்மானிக்கா என்று பெயர் வைத்தார். ஆனால் பூர்வீகம் ஜெர்மனி அல்ல. காஸ்பியன் கடலோரத்து வட ஈரான், காகசஸ், துருக்கியின் கருங்கடல் பக்கம், தென்கிழக்கு ஐரோப்பா ஆகியவைதான் சொந்த ஊர். ஈரானியர் அஸ்கில் என்பார்கள், துருக்கியர் முஷ்முலா என்பார்கள். நவம்பரில் லண்டனில் உள்ள அவர்கள் கடைகளில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மரம் வாங்கும் முன் நாலு பழம் தின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இது எல்லாருக்கும் பிடிக்கும் பழம் அல்ல.

பழத்தின் தோற்றம் விசித்திரமானது. பழுப்பாக, சொரசொரப்பாக, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், அடிப்பக்கம் குழிந்து திறந்திருக்கும். குழியைச் சுற்றி ஐந்து புல்லிவட்ட நீட்சிகள் விரிந்து நிற்கும். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் இதற்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'நாய்ப்பிட்டம்'. பழைய ஆங்கிலப் பெயரும் அதே திசையில்தான் போகிறது.

தமிழில் இதற்குப் பெயர் உண்டா? லோக்வாட், மகிழம் எல்லாம் மெட்லர்தானா?

தமிழ்ப் பெயர் இல்லை. குழப்பத்துக்கு மட்டும் குறைவில்லை. லோக்வாட் பழத்தை ஐரோப்பாவில் பல மொழிகளில் 'ஜப்பான் மெட்லர்' என்கிறார்கள். அது என்றும் பசுமையான, மஞ்சள் பழம் தரும் வேறு மரம், இலையுதிர் காலத்தில் பூப்பது. இத்தாலியில் நெஸ்போலா என்று கேட்டால் பெரும்பாலும் லோக்வாட்டைத்தான் கொடுப்பார்கள். நம் மகிழ மரத்துக்கும் ஆங்கிலத்தில் மெட்லர் என்று ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மகிழம் சப்போட்டா குடும்பம், இதற்கும் அதற்கும் உறவே கிடையாது. நர்சரியில் வாங்கும்போது சீட்டில் மெஸ்பிலஸ் ஜெர்மானிக்கா என்ற முழுப்பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

ஊரில் கொண்டுபோய் நடலாமா?

சமவெளியில் வேண்டாம். மொட்டு விழிக்க இதற்கு ஒரு முழுக் குளிர்காலம் தேவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது கிடைக்காது. மலைப்பகுதியில் இடம் இருந்தால் லோக்வாட்டை வையுங்கள், நீலகிரியில் நன்றாக வருகிறது.

எந்த இரகம் வாங்குவது?

சிறிய தோட்டத்துக்கு நாட்டிங்ஹாம். பழம் சிறியது, ருசி மற்றவற்றைவிடத் தூக்கலானது, மரமும் கொஞ்சம் நிமிர்ந்து வளரும். டச்சு என்ற இரகத்தில் பழம் பெரியது. ஆனால் கிளைகள் குடைபோல விரிந்து தரையைத் தொடும், அதற்கு இடம் வேண்டும். பிரெடா ஜெயண்ட், ராயல் இரண்டும் கேட்டால் கிடைக்கும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. விதையில்லா இரகம் ஒன்றும் உண்டு. விதையோடு ருசியும் போய்விட்டது என்பதே எங்கள் கருத்து.

சீட்டில் குவின்ஸ் ஏ, குவின்ஸ் சி, ஹாதார்ன் என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

இரகத்தைவிட இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வரும் மெட்லர் அநேகமாக எல்லாமே ஒட்டுக்கன்று. மேலே இருப்பதுதான் மெட்லர், மண்ணுக்குள் இருப்பது குவின்ஸ் அல்லது ஹாதார்ன் என்ற வேறு மரம். ஏ, சி என்பவை குவின்ஸ் வேர்ச்செடியின் இரண்டு வகைகள். மரம் எவ்வளவு பெரிதாகும், எந்த மண்ணில் நிற்கும், எத்தனை ஆண்டில் காய்க்கும் என்பதையெல்லாம் அந்தக் கீழ்மரமான வேர்ச்செடிதான் தீர்மானிக்கிறது.

குவின்ஸ் ஏ பொதுவான தேர்வு. மரம் மூன்றரை முதல் ஐந்து மீட்டரில் நிற்கும், மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். குவின்ஸ் சி அதைவிடச் சிறிது, தொட்டிக்கும் குறுகிய இடத்துக்கும் ஏற்றது. ஆனால் மண் வளமாக இருக்க வேண்டும். குவின்ஸ் வேர் மேலோட்டமாகப் போவது. ஈரப்பசையைத் தாங்கும், வறட்சியையும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்காது. சுண்ணாம்புப் பாறை மண்ணில் குவின்ஸ் மேல் ஒட்டிய மெட்லரை வைத்தால், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலைகள் வெளிறும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாததால் வருவது அது. ஆண்டுதோறும் கீலேட் இரும்பு, அதாவது வேரால் எடுக்க முடிகிற வடிவில் உள்ள இரும்பு, ஊற்றிச் சமாளிக்கலாம். அதைவிட, முதலிலேயே ஹாதார்ன் மேல் ஒட்டிய கன்றை வாங்குவது மேல்.

ஹாதார்ன் வறண்ட மண், சுண்ணாம்பு மண், காற்றடிக்கும் இடம் எதிலும் நிற்கும். ஆறு மீட்டர் வரை போகும். அடியிலிருந்து முள் உள்ள கன்றுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதுதான் தொல்லை.

இந்தக் கூட்டணியில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய பிரான்சில் மெட்ஸ் நகரருகே பிரான்வோ என்ற ஊரில், ஹாதார்ன் மேல் ஒட்டிய மெட்லர் ஒன்று ஒட்டு இடத்திலிருந்து இரண்டுங்கெட்டான் கிளைகளை விட்டது. மேல்தோல் மெட்லர், உள்ளே ஹாதார்ன். அதை வெட்டி ஒட்டி ஒட்டி இன்றும் வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கே நடுவது?

நாள் முழுக்க வெயில் விழும் இடம், பலத்த காற்று நேராக அடிக்காத இடம். பெரிய மெல்லிய இலை என்பதால் காற்றில் கிழிந்து ஓரம் கருகும். மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது. சோதிக்க வழி எளிது. நடும் இடத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். மண்ணின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மை, 6 முதல் 7.5 வரை சரி.

குவின்ஸ் ஏ மேல் உள்ள மரத்துக்குச் சுற்றிலும் நாலரை மீட்டர் வெளி விடுங்கள், ஹாதார்ன் மேல் என்றால் ஆறு. வேலியோரமாக ஒரு மீட்டரில் நட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பக்கம் போகும் கிளையை ஆண்டுதோறும் வெட்டுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கவாத்து பற்றிய கேள்வியில் ஏன் என்று சொல்கிறோம். சுவரில் படர்த்தி வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது, பேரி மாதிரி இது வளைந்துகொடுக்காது.

எப்போது, எப்படி நடுவது?

வேர் மண்ணில்லாமல் கட்டாக வரும் கன்று விலை குறைவு, வேரும் நன்றாக இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நடலாம். தொட்டிக் கன்றை எப்போதும் நடலாம் என்றாலும் ஜூன், ஜூலையில் நட்டால் தண்ணீர் ஊற்றியே ஓய்ந்துவிடுவீர்கள்.

கட்டு வந்ததும் வேரை ஒன்றிரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் வையுங்கள். குழியை அகலமாக, 70 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சதுரமாகத் தோண்டுங்கள். வட்டக் குழியில், அதுவும் களிமண்ணில், வேர் சட்டிக்குள் சுற்றுவதுபோல் சுற்றும். ஆழம் வேர் உட்காரும் அளவு மட்டும், பொதுவாக 30 சென்டிமீட்டர். ஒரு குச்சியைக் குழியின் குறுக்கே வைத்து, தண்டில் பழைய மண் கோடு அந்தக் குச்சிக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். ஒட்டுப் பகுதி, அதாவது தண்டில் கொஞ்சம் முட்டிபோல் புடைத்துக் கோணும் இடம், மண்ணுக்கு மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அதைப் புதைத்தால் மெட்லர் தண்டே வேர்விட்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேர்ச்செடியின் பயன் போய்விடும்.

குழிக்குள் எருவோ உரமோ போட வேண்டாம். எடுத்த மண்ணையே உதைக்காமல், குதிகாலால் மெல்ல மிதித்து நிரப்புங்கள். கன்றை வைக்கும் முன்பே முட்டுக்கம்பை அடித்துவிட வேண்டும். பிறகு அடித்தால் வேரைக் கிழிக்கும். கம்பு தரைக்கு மேல் 60 சென்டிமீட்டர் போதும், ஒரே கட்டு. குவின்ஸ் வேருக்குப் பிடிமானம் குறைவு, மெட்லருக்கோ தலைப்பாரம் அதிகம். ஆகவே கம்பை நாலாண்டாவது விட்டு வையுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் கட்டைத் தளர்த்துவதை மறந்தால் அது பட்டைக்குள் புதையும். கடைசியாக இரண்டு வாளி தண்ணீர், அதன்மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய தழை மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது.

தொட்டியில் வளருமா?

குவின்ஸ் சி மேல் உள்ளது வளரும். 50 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, ஜான் இன்னஸ் 3 போன்ற கனமான மண்கலவை. வெறும் தென்னைநார்க் கழிவு வேண்டாம், காற்றில் சாய்ந்துவிடும். கோடையில் தினமும் தண்ணீர், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றம். நிலம் இருந்தால் நிலத்திலேயே வையுங்கள்.

துணைக்கு இன்னொரு மரம் வேண்டுமா?

வேண்டாம். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஒரு வீட்டுக்கு ஒரு மரமே அதிகம்.

தண்ணீர், உரம்?

முதல் இரண்டு கோடையில் மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை இருபது லிட்டர், நிதானமாக இறங்கும்படி. தினம் ஒரு குவளை ஊற்றுவதால் மேல் மண் நனைவதோடு சரி. பிறகு, நீண்ட வறட்சி வந்தால் மட்டும்.

பிப்ரவரி கடைசியில் பொது உரம், இரத்தம்-மீன்-எலும்புத் தூள் மாதிரி ஏதாவது, சதுர மீட்டருக்கு 70 கிராம் தூவுங்கள். புல்தரையில் நிற்கும் மரமானால் தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட வேண்டும். முதல் நாலாண்டில் கன்று வளராமல் அப்படியே நின்றால் பத்தில் எட்டு முறை காரணம் புல்தான். கோழி எருவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பூ குறையும்.

கவாத்து எப்படி?

இரண்டு கட்டம். முதல் நாலு குளிர்காலம் மரத்துக்கு உருவம் கொடுக்கும் காலம். நடுத்தண்டில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கீழ் உள்ள கிளைகளைச் சிறிது சிறிதாக எடுங்கள். இல்லாவிட்டால் புல்வெட்டி உள்ளே போகாது. மேலே நாலைந்து முதன்மைக் கிளைகளைத் தேர்ந்து, அந்த ஆண்டு வளர்ந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். எந்த மொட்டுக்கு மேல் வெட்டுவது என்பது இரகத்தைப் பொறுத்தது. நிமிர்ந்து வளரும் நாட்டிங்ஹாமில் வெளிப்பக்கம் பார்த்த மொட்டு. தொங்கி வளரும் டச்சில் மேல்பக்கம் பார்த்த மொட்டு. டச்சிலும் வெளிப்பக்க மொட்டுக்கே வெட்டினால் கிளை மூன்றாண்டில் தரையில் கிடக்கும்.

அதற்குப் பிறகு கத்தரியை உள்ளே வைத்துவிடலாம். மெட்லர் பூப்பது குட்டைக் கிளைகளின் நுனியில். தலைமுடி வெட்டுவதுபோல் மரத்தைச் சுற்றிலும் நுனி கிள்ளினால் வரும் ஆண்டின் பூவைத்தான் கிள்ளுகிறீர்கள். வேலியோரத்து மரங்கள் காய்க்காத இரகசியம் இதுதான். காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை மட்டும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் அடியோடு எடுங்கள். கிளைகள் கோணலாக இருக்கிறதே என்று திருத்தப் போகாதீர்கள், மரத்தின் சுபாவமே அது.

மரத்தடியில் வேறு மாதிரி இலையோடு கிளைகள் வருகின்றன. என்ன செய்வது?

வேர்ச்செடி எட்டிப் பார்க்கிறது. இலையை வைத்து அடையாளம் காணலாம். மெட்லர் இலை நீளமானது, நுனிப்பக்கம் நுண்ணிய பல் இருக்கும். உருண்டையாக, ஓரம் மழுங்கலாக, அடியில் சாம்பல் பஞ்சு போர்த்தியதுபோல் இருந்தால் குவின்ஸ். சிறிதாக, ஆழமாகப் பிளந்து, காம்பருகே முள்ளோடு இருந்தால் ஹாதார்ன்.

கத்தரியால் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று நாலாகும். மண்ணை விலக்கி, அது வேரில் தொடங்கும் இடத்தைக் கண்டு, இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்து எடுங்கள். அடித்தண்டின் உறங்கும் மொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். நாலைந்து ஆண்டு விட்டுவிட்டால் அதுவே மரமாகி மெட்லரைப் பட்டினி போடும். "எங்கள் மெட்லர் திடீரென்று மஞ்சள் பழம் காய்க்கிறது" என்று கேட்டால், மெட்லர் செத்துக் குவின்ஸ் நிற்கிறது என்று பொருள்.

நோய், பூச்சி?

ஆப்பிளோடு ஒப்பிட்டால் இதற்குத் தொல்லை குறைவு. மருந்து அடிக்கும் தேவை வருவதே அரிது.

இலையில் சிறு கரும்பழுப்புப் புள்ளிகள் ஈரமான கோடைகளில் வரும். விழுந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், அது போதும். இலை பெரிய பழுப்புத் திட்டாகக் கருகி, பூவும் வாடி, பிஞ்சு சுருங்கிக் கிளையிலேயே தொங்கினால் அது மோனிலினியா பூஞ்சை. சுருங்கித் தொங்கும் அந்தப் பழங்களில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஒன்று விடாமல் பறித்து எடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

ஏப்ரல், மே மாதத்தில் இலை சல்லடையாக ஓட்டை விழுந்தால் குளிர்கால அந்துப்பூச்சியின் புழு. இதன் பெண் பூச்சிக்குப் பறக்கும் இறக்கை இல்லை, நவம்பர் வாக்கில் தண்டில் ஏறித்தான் முட்டையிட வேண்டும். அக்டோபர் கடைசியில் தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டினால் பாதி வேலை முடிந்தது. முட்டுக்கம்பிலும் கட்டுங்கள். தண்டில் வழியில்லை என்றால் கம்பு வழியாக ஏறிவிடும்.

கவலைப்பட வேண்டியது தீக்கருகல் ஒன்றுதான். பூவும் இளங்கிளையும் நெருப்பில் காட்டியதுபோல் கருத்து, உதிராமல் ஒட்டியிருக்கும். கிளை நுனி கொக்கிபோல் வளையும். கருகல் தெரியும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியைக் கிருமிநாசினியில் துடையுங்கள்.

பூக்கிறது, ஆனால் பிஞ்செல்லாம் உதிர்கிறதே?

மூன்று வயதுக்குட்பட்ட கன்று என்றால் விட்டுவிடுங்கள், அதற்குத் தாங்கும் திராணி இல்லை. வளர்ந்த மரம் என்றால் ஜூன் வறட்சியைச் சந்தேகப்படுங்கள், அதிலும் குவின்ஸ் வேராக இருந்தால். பனி காரணமாக இருப்பது அபூர்வம், பூப்பதே அவ்வளவு தாமதம்.

எப்போது பறிப்பது?

முடிந்த அளவு தாமதமாக. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரை, இலைகள் பெரும்பாலும் உதிர்ந்த பிறகு, காய்ந்த நாளில். பழத்தைச் சற்றே தூக்கித் திருகினால் காம்போடு கழன்று வர வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். செப்டம்பரில் அணில் தின்றுவிடுமே என்று பயந்து பறித்தால் அவை கனியாது, தோல் சுருங்கி மரக்கட்டைபோல் கிடக்கும். பறித்தவுடன் கடித்துப் பார்க்கவும் வேண்டாம். நாக்கு அன்று முழுக்கத் துவர்க்கும்.

அழுக வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

அழுகல் வேறு, அளிதல் வேறு. ஊரில் 'அளிந்த பழம்' என்போமே, கனிந்ததற்கும் ஒரு படி மேலே போய்க் குழைந்த நிலை, அதுதான் இது. ஆங்கிலத்தில் இதற்கென ஒரு சொல் இல்லாததால் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து பிளெட்டிங் என்று ஒரு சொல்லை உருவாக்கினார். நமக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எச்சிலில் கரையாத பெரிய மூலக்கூறுகளாகின்றன, அதனால் நாக்குக்குத் தெரிவதில்லை. புளிப்பு குறைகிறது. சதையைக் கெட்டியாக வைத்திருந்த பெக்டின் உடைகிறது. பேரீச்சங்காய் மஞ்சளாகத் துவர்ப்போடு இருந்து பிறகு பழுப்பாகக் குழைகிறதே, ஏறக்குறைய அதே கதை.

செய்முறை: அகலத் தட்டில் வைக்கோலோ கசக்கிய தாளோ பரப்புங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு பழத்தின் காம்பையும் அதில் தோய்த்தெடுங்கள். பூஞ்சை முதலில் நுழைவது காம்பு வழியாகத்தான். பிறகு, குழிந்த வாய் கீழே, காம்பு மேலே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக அடுக்குங்கள். குளிர்ந்த, இருட்டான, உறையாத இடம் வேண்டும். தோட்டக் கொட்டகை, சூடேற்றாத அறை, கார் நிறுத்தும் அறை எதுவும் சரி. எலி வராதபடி வலை மூடுங்கள். சமையலறை அலமாரி வேண்டாம், அந்தச் சூட்டில் அளிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். எல்லாம் ஒரே நாளில் ஆகாது, இரண்டு நாளுக்கொருமுறை பாருங்கள். முதலில் மஞ்சள் பழுப்புத் தோலில் ஒரு பக்கம் நனைந்ததுபோல் கருக்கும். அது மெல்லப் பரவிப் பழம் முழுக்கக் கரும்பழுப்பாகி லேசாகச் சுருங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வெட்டினால் வெள்ளைச் சதை இருந்த இடத்தில் செம்பழுப்புக் களி. நடுவில் வெள்ளை மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் வைக்கலாம்.

கெட்டதை எப்படி அறிவது? நீலமோ சாம்பலோ பஞ்சு படிந்திருந்தால், காடி நாற்றம் அடித்தால், தண்ணீர் ஒழுகினால் எறியுங்கள். நல்லதில் வேகவைத்த ஆப்பிளும் பழைய புளியும் கலந்ததுபோல் வாசனை வரும்.

உறைபனி பட்டால்தான் கனியுமா?

கட்டாயம் இல்லை. பனி பட்டால் சதையின் செல்கள் உடைந்து வேகம் கூடும், அவ்வளவே. ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தெடுக்கும் குறுக்குவழி ஜெல்லிக்குப் பரவாயில்லை. அப்படியே தின்பதற்கு ருசி தட்டையாக இருக்கும்.

எப்படிச் சாப்பிடுவது? ருசி எப்படி?

வாய்ப்பக்கத்துத் தோலைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து, காம்புப் பக்கம் பிதுக்கி உறிஞ்சுங்கள், அல்லது சிறு கரண்டியால் வழித்துக்கொள்ளுங்கள். மிகக் கனிந்த சப்போட்டாவின் மணல்மணலான சதை, பேரீச்சையின் இனிப்பு, அடியில் ஒரு மெல்லிய புளிப்பு. இலந்தை வடை பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். உள்ளே ஐந்து கல் விதைகள். அவற்றைக் கடித்துத் தின்னக் கூடாது. ஆப்பிள் விதை, கசப்புப் பாதாம் ஆகியவற்றைப்போல இதிலும் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு. தெரியாமல் ஒன்றை முழுசாக விழுங்கினால் பயமில்லை.

அளிந்த பழம் ஒரு வாரம் நிற்கும். கூழாக்கி உறைய வைத்தால் அடுத்த பருவம் வரை. வட ஈரானிலும் துருக்கியின் கருங்கடல் கரையிலும் காயாகவே உப்பு நீரில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு.

ஜெல்லி செய்கிறோம், இறுகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

எல்லாம் அளிந்த பழமாகப் போட்டிருப்பீர்கள். அளியும்போது பெக்டின் உடைந்துவிடுகிறது, ஜெல்லியை இறுக்குவதே பெக்டின்தான். ஒரு கிலோவில் முக்கால் கிலோ அளிந்தது, கால் கிலோ இன்னும் கெட்டியாக இருப்பது என்று கலந்துகொள்ளுங்கள். பாதியாக வெட்டி, ஒரு எலுமிச்சையை வட்டமாக நறுக்கிச் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, ஒரு லிட்டருக்குச் சற்று மேலே ஆகும், சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். மசிக்க வேண்டாம். பழைய வேட்டித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அதில் கொட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். ஆசைப்பட்டு மூட்டையைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கும்.

வடிந்த சாறு 600 மில்லிக்கு 450 கிராம் சர்க்கரை. கரைந்ததும் தீயைக் கூட்டி, 104 அல்லது 105 டிகிரி வரும்வரை கொதிக்கவிடுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே தோல் சுருங்கினால் இறக்கலாம். நிறம் தேன் சிவப்பாக இருக்கும். மீந்த சக்கையைச் சல்லடையில் தேய்த்து, கூழின் எடையில் முக்கால் பங்கு சர்க்கரை, ஒரு துண்டு பட்டை போட்டுக் கிண்டினால், கரண்டி இழுத்த தடம் சட்டி அடியில் நிற்கும் பதத்தில் இன்னொரு தின்பண்டம் கிடைக்கும். அல்வா கிண்டிப் பழகிய கைக்கு அது ஒன்றும் புதிதல்ல.

விதை போட்டு வளர்க்கலாமா?

முளைக்கவே ஒன்றரை ஆண்டு ஆகலாம், காய்க்க ஏழெட்டு ஆண்டு. முள்ளும் வரலாம், பழமும் தாய்மரம் மாதிரி இருக்காது. வேண்டாம்.

வீடு மாறுகிறோம். மரத்தைத் தோண்டி எடுத்துப் போகலாமா?

நட்டு மூன்றாண்டுக்குள் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் எடுக்கலாம். அதற்கு மேற்பட்ட மரத்தை விட்டுவிட்டு, ஒட்டுக்குச்சியைக் கொண்டுபோங்கள். ஜனவரியில், கடந்த கோடையில் வளர்ந்த, பென்சில் கனமுள்ள நேரான குச்சிகளை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஈரத் தாளில் சுற்றிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதே பெட்டியில் ஆப்பிள் வைக்காதீர்கள், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். மார்ச்சில் புது வீட்டில் ஒரு குவின்ஸ் ஏ வேர்ச்செடியை நட்டு, அதன்மேல் நாக்கு ஒட்டாக, அதாவது இரண்டையும் சாய்வாக வெட்டி, வெட்டில் கீறிய நாக்குகளைக் கோத்து, ஒட்டுங்கள். குச்சியும் வேர்ச்செடியும் ஒரே கனமாக இல்லாவிட்டால் ஒரு பக்கத்திலாவது பட்டைக்கு அடியில் உள்ள பச்சை அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒட்டு நாடாவை ஜூலையில் அவிழ்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் தண்டு நெரிந்து முதல் காற்றிலேயே முறியும்.